ஒன்றை மறந்த பத்தாயிரத்து ஏழு கொக்குகள்

அந்தக் காலத்தில் கொக்குகளுக்குப் பேச்சு வரும், கணக்கும் வரும். அடக்கம் மட்டும் வராது.

ஓர் ஏரியில் பத்தாயிரத்து எட்டுக் கொக்குகள் இருந்தன. ஒருநாள் பன்னிரண்டு அரக்கர்கள் வந்து ஏரி முழுவதையும் வலையால் மூடினார்கள். எல்லோரும் ஒரு தாய் பெற்றவர்கள். சோற்றுக்கு அடித்துக்கொண்டே அவளைச் சாகடித்தவர்கள். சாகும்போது அவள் சபித்துவிட்டுப் போனாள்: வலையில் விழுந்ததைச் சரிசமமாகப் பங்கு போட்டுத்தான் தின்ன வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் தின்ற வாய் கல்லாகிவிடும்.

"ஆளுக்கு எண்ணூற்று முப்பத்து நான்கு. மிச்சமே இல்லை!" என்று மூத்தவன் சிரித்தான். "குளித்துவிட்டு வந்து சாப்பிடலாம்."

கொக்குகள் நடுங்கின. கூரலகி என்பவள் மட்டும் கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள்.

"ஒருத்தி வெளியே போனால் போதும். பத்தாயிரத்து ஏழு ஆகிவிடுவோம். நூறு வரை வகுத்துப் பார்த்துவிட்டேன், எதிலும் அடங்கவில்லை."

"நூற்றுக்கு மேலே போனால்?"

"அப்போது ஈவு நூற்றுக்குள் வந்து நிற்கும். அதைத்தான் பார்த்தாயிற்றே, மண்டூகங்களா! பத்தாயிரத்து ஏழு அரக்கர்கள் வந்தால்தான் உண்டு, ஆளுக்கு ஒன்றாக. அத்தனை அரக்கர்களுக்கு மூத்தவன் எங்கே போவான்?"

வலையில் ஒரு கிழிசல் இருந்தது. இரண்டு சிறகு உள்ள உடம்பு அதில் நுழையாது. எல்லோரும் ஒற்றைச்சிறகியைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலை கடித்து ஒரு சிறகை இழந்தவள். வயிற்றில் முட்டை வேறு.

"வெளியே அரக்கர்கள் இருக்கிறார்களே, அக்கா."

"உள்ளே இருந்து நீ என்ன கிழிக்கப்போகிறாய்? போடி."

"ஒன்றால் வகுத்துப் பார்த்தீர்களா?"

ஏரியே சிரித்தது. "ஒன்றால் வகுப்பதெல்லாம் ஒரு கணக்கா?" என்று கூரலகி அவளைக் கொத்தி வெளியே தள்ளினாள்.

அரக்கர்கள் திரும்பி வந்து, கரையில் நின்ற ஒற்றைச்சிறகியை முகர்ந்து பார்த்தார்கள். ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குக் கழுத்து என்றால் சரிசமம் ஆகுமா? விட்டுவிட்டார்கள்; அவள் நாணலுக்குள் ஓடி மறைந்துகொண்டாள். வலைக்குள் இருந்ததை எண்ணிப் பங்கு போட்டார்கள். பதினொன்று மிஞ்சியது.

"பட்டினி கிடங்கடா!" என்று கூரலகி கத்தினாள்.

மூத்தவன் தம்பிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். பிறகு கடைக்குட்டியின் கழுத்தைத் திருகிப்போட்டான்.

"இப்போது பதினோரு பேர். பங்கு போடு."

எட்டு மிஞ்சியது. இன்னொரு தம்பி விழுந்தான். பத்துப் பேருக்கு ஏழு மிஞ்சியது. வகுபடாத ஒவ்வொரு முறையும் ஒருவன் குறைந்தான். வலைக்குள் கூச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. கூரலகிக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேர் ஆனபோதும் ஒன்று மிஞ்சியது.

"வேண்டாம்ணா," என்றான் தம்பி. அண்ணன் காதில் விழவில்லை.

கடைசியில் ஒருவன் நின்றான். ஒன்றால் வகுத்தான். மிச்சமில்லை.

பத்தாயிரத்து ஏழையும் தின்றான். பன்னிரண்டு பேர் சாப்பாட்டை ஒரு வயிறு தாங்குமா? வெடித்துச் செத்தான்.

இறகு மிதந்த ஏரிக்கரையில் ஒற்றைச்சிறகி முட்டையிட்டாள். குஞ்சுகள் கணக்குக் கேட்டபோது ஒரு காலை மடக்கி, மறு காலை ஊன்றிக் காட்டினாள். "முதலில் இதைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்."

அன்று முதல்தான் கொக்கு எவ்வளவு பெரிய கூட்டத்திலும் ஒற்றைக் காலில் நிற்கிறது. பகா எண் எதனால் வகுபடும் என்று கேட்டால் நாமும், 'ஒன்றாலும், தன்னாலும்' என்று அந்த ஒன்றை முன்னால் வைத்தே சொல்கிறோம்.