இரண்டாவது சாட்சி

காட்டின் கோடியில் ஓர் ஏரி. அதன் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி தனியாக இருந்தது. அந்தப் பக்கத்துச் செய்திகளை நடுக்காட்டு அத்திமரத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அங்கே மைனா அவற்றைக் கேட்டுக் காடு முழுக்க அறிவிக்கும்.

ஒரு நாள் ஏரிக்கரையில் விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்தது. கரைக்குக் கீழேயே முயல் வளைகள்! ஆள்காட்டி பதறிக்கொண்டு பறந்தது.

“மைனா அண்ணே! ஏரிக்கரை கசியுது. முயல்களை உடனே மேட்டுக்குப் போகச் சொல்லுங்க!”

“உன்கூட வேற யாரு பார்த்தது?”

“அங்க நான் ஒருத்தன்தானே அண்ணே இருக்கேன்!”

“இன்னொருத்தரும் சொன்னாத்தான் அறிவிப்பேன். அதுதான் முறை!”

அத்திமரத்துக் கிளிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. குரங்கு வீட்டில் கல்யாணம் என்று ஒன்று சொன்னால் போதும். “நானும் பார்த்தேன்!” என்று மற்றது கண்ணை மூடிக்கொண்டு ஒத்து ஊதும்.

“யாராவது என்கூட வந்து பாருங்களேன்!” என்று ஆள்காட்டி கெஞ்சியது.

“அவ்வளவு தூரமா? வெயில் என்னமாக் கொளுத்துது!” என்றன கிளிகள்.

ஆள்காட்டி எரிச்சலோடு திரும்பியது. வழியெல்லாம் ஒரே குழப்பம். ‘நான்தான் தப்பாப் பார்த்துட்டேனோ?’ கேட்டுத் தெளியப் பக்கத்தில் ஒரு ஜீவன் இல்லை. கசிந்த ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. விரல் கனத்துக்கு இருந்த ஓட்டையில் இப்போது தலையே முழுசாக நுழைந்தது!

உடனே முயல்களிடம் ஓடியது. “ஓடுங்க! கரை உடையப் போகுது!”

“மைனா ஒண்ணும் சொல்லலையே!” என்று முயல்கள் புல்லைக் கொறித்தன.

ஆள்காட்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடியும் அத்திமரத்துக்குப் பறந்தது. “இன்னொருத்தர் யாரு?” என்று மைனா ஆரம்பிப்பதற்குள் கரை உடைந்தேவிட்டது.

முயல்கள் ஓடி வந்தன. பின்னாலேயே வெள்ளம். ஆளுக்கு ஒரு குட்டியைத்தான் கவ்விவர முடிந்தது. மற்றவை வளையோடு போயின.

கிளிகள் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தன. “வெள்ளம்! நானும் பார்த்தேன்! நானும் பார்த்தேன்!”

“ஆங்! இப்பத்தான் செய்தி உறுதியாச்சு!” என்று மைனா தொண்டையைக் கனைத்தது.

“இனிமே யாருக்கு அண்ணே அறிவிக்கப் போறீங்க?” என்று கேட்டது ஆள்காட்டி.

தன்னந்தனியாக இருப்பவர் சொல்லும் செய்திக்குச் சாட்சி கேட்பவர், தாமே எழுந்து போய் அந்தச் சாட்சியாக நிற்க வேண்டும்.