எழுபதா, எண்பதா

சிறுமலை அடிவாரத்தில் ஒரு தியான மன்றம். அங்கே ஒரு குரு இருந்தார், ஒரு கார் இருந்தது. இரண்டுக்கும் உடம்பு சரியில்லை.

குருவின் பெயர் மாசிலாமணி. வயது ஐம்பதுதான். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை திண்டுக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். கூட்டிப்போய்க் கூட்டிவருபவர் கோதண்டம். குருவைவிட மிகவும் மூத்த சீடர், ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். மன்றத்தில் எல்லாரும் குருவை ஐயா என்பார்கள். ஐயா கோதண்டத்தை அண்ணே என்பார்.

கார் ஒரு அன்பர் விட்டுப்போனது. சின்ன கார், ரொம்பப் பழசு. நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த அளவு போடுவது என்பதில்தான் மன்றம் இரண்டாகப் பிரிந்தது.

காரோடு வந்த டயர் எழுபது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண்களில் அது டயரின் உயரத்தைச் சொல்லும் எண். அதே சக்கரத்தில் எண்பதும் ஏறும். எண்பது போட்டால் கார் ஒரு விரற்கடை உயரும், அடிப்பாகம் இடிக்காது. ஆனால் ஆள் ஏறியபின் வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்காட்டில் உரசும். எழுபது உரசாது. ஆனால் இடிக்கும்.

இடிப்பது ஒரே ஒரு இடத்தில்தான். மன்றத்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், மன்றத்தார் தாங்களே கட்டிய வேகத்தடையில். இருபுறமும் பள்ளம், ஒதுங்கிப் போக வழியில்லை. வழியில் வேறெங்கும் கார் இடிப்பதில்லை.

"ஐயா வலியில துடிக்கிறாரு. எண்பதே போடுங்க" என்றார் வசந்தா டீச்சர்.

"கம்பெனிக்காரன் யோசிக்காமயா எழுபது குடுத்திருக்கான்? உரசி உரசி வளைவுல டயர் வெடிச்சா என்ன செய்வீங்க?" என்றார் சமையலைப் பார்த்துக்கொள்ளும் சிவஞானம்.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மௌனம் பழகுகிற இடம் என்பதால் சண்டை வெளியில் தெரியவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கோதண்டம். வேகத்தடையில் காரின் வயிறு இடிக்கும்போதெல்லாம் பின்சீட்டில் ஐயா மூச்சைப் பிடித்துக்கொள்வது அவருக்குக் கேட்கும். எத்தனை மெதுவாக ஏற்றினாலும் இடித்தது. தன் கையாலேயே இந்த மனுஷனுக்கு வலி கொடுக்கிறோமே என்று, கழுவுவதுபோல் காரின் மறைவில் உட்கார்ந்து ஒருநாள் அழுதுவிட்டார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் ஐயாவுக்காகக் காத்து நிற்கும்போது டயர் கடை சிக்கந்தர் பாய் போன் செய்தார்.

"ரெண்டு செட்டும் எடுத்து வச்சிருக்கேன். இன்னைக்கு ஏதாவது ஒண்ணச் சொல்லிருங்க. இந்த டயரோட ஐயாவ வச்சு ஓட்டாதீங்கண்ணே, நல்லதில்ல."

திரும்பும் வழியில் ஐயா கண்களை மூடிச் சாய்ந்திருந்தார். ஊசி குத்திய கையை மடியில் வைத்திருந்தார். வெயில் கொளுத்தியது. கோதண்டம் கண்ணாடியில் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக வந்தார். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"ஐயா."

"ம்."

"எழுபதா, எண்பதா?"

ஐயா கண் திறக்கவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். ரெண்டு பேரும் சமாதானமாயிருவாங்க."

"எனக்கு அசதியா இருக்குண்ணே."

"டயரு தாங்காதுங்கய்யா. பாய் இப்பத்தான் திட்டுனாரு."

"ம்."

மன்றத்துப் புளியமரம் தெரிந்தது. வேகத்தடையும் தெரிந்தது. கோதண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைத்தார்.

"மேட்டுக்கு முன்னால நிறுத்துங்க" என்றார் ஐயா.

நிறுத்தினார். ஐயா கதவைப் பிடித்து இறங்கினார். இரண்டு இடத்தில் நின்று நின்று நடந்து வேகத்தடைக்கு வந்தார். அதில் மஞ்சள் பெயின்டில் 'மெதுவா வாங்க' என்று எழுதியிருந்தது. காலையில் வைத்த செவ்வந்தி வாடிக் கிடந்தது. மன்றத்துக்கு வருகிறவர்கள் அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். செருப்புக் காலால் யாரும் மிதித்ததில்லை.

ஐயா பூவைத் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கோதண்டத்துக்குப் பதறியது.

"ஐயா, எழுத்து மேல..."

"காலு நிக்கலண்ணே." ஐயா சிமெண்ட்டைத் தடவிப் பார்த்தார். "இது முன்ன இவ்வளவு உசரமாவா இருந்துச்சு?"

"இல்லீங்கய்யா. வருசா வருசம் ஆண்டு விழாவுக்கு ஒரு பூச்சு போடுறோம்ல."

"எதுக்கு?"

"நீங்க சொன்ன வார்த்தை தேஞ்சிறக் கூடாதுன்னுதான். எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி சிமெண்ட்டு வைப்பாங்க. எழுத்து மட்டும் நாந்தான் எழுதுவேன்." சொல்லும்போது கோதண்டத்துக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நான் என்னைக்கு அதைச் சொன்னேன்?"

"மறந்துட்டீங்களா? நான் மொத மொதல்ல வந்த அன்னைக்கு. வீட்டுல மகன்கூடச் சண்டை. மொபெட்ட முறுக்கிக்கிட்டு வந்தேன். நீங்க வாசல் கூட்டிக்கிட்டு இருந்தீங்க. ஒரு கோழி சக்கரத்துல மாட்டப் பாத்துச்சு. நீங்க நிமிந்து பாத்து, மெதுவா வாங்கன்னீங்க. அவ்வளவுதான். எனக்கு உள்ள எல்லாம் அடங்கிப்போச்சு. அந்த வார்த்தை எல்லாருக்கும் கிடைக்கட்டுமேன்னு மறு வருசமே இதக் கட்டுனேன்."

"யார்கிட்ட சொன்னேன்?"

"என்கிட்டதாங்கய்யா."

"ஆமா, உங்ககிட்டதான் சொன்னேன். நீங்க ரோட்டுகிட்ட சொல்லிட்டீங்க."

ஐயா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படும் அளவுக்கு உடம்பில் தெம்பும் இல்லை. ஆனாலும் கோதண்டத்துக்குக் கன்னத்தில் வாங்கியது போலிருந்தது. காரைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். சிமெண்ட்டில் காரின் அடிப்பாகம் தேய்த்த கறுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்சீட்டில் ஐயா இருந்திருக்கிறார். கோதண்டம் அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"இத்தன நாளு உங்களுக்கு வலிச்சிருக்கேங்கய்யா. மேட்ட ஒடைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லலாம்னு வாயெடுப்பேன். சொன்னா அதையும் எங்கயாச்சும் பூசி வச்சிருவீங்களோன்னு பயமா இருக்கும்."

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று நினைத்தார், வந்தது அழுகைதான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. சிக்கந்தர் பாய்.

"என்னண்ணே முடிவு? எழுபதா, எண்பதா?"

"காரோட வந்ததையே போடுங்க பாய்."

"எழுபதா? மேட்டுல இடிக்குதுன்னு சொன்னீங்க?"

"மேடு இருக்காது பாய்."

போனை வைத்த கையோடு கோதண்டம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கடப்பாரை அடுப்படிக்குப் பின்னாலதான் கெடக்கு. இந்தா வந்துட்டேங்கய்யா. இன்னைக்கே ஒடச்சுத் தள்ளிர்றேன். டீச்சரக் கூப்பிடுறேன், சிவஞானத்தக் கூப்பிடுறேன், எல்லாரையும்..."

சொல்லிக்கொண்டே ஓடினார். காரின் கதவு திறந்தே கிடந்தது. இஞ்சினைக்கூட அணைக்கவில்லை. அந்த வயதில் அந்தச் சரளைக்கல்லில் அவர் ஓடியதைப் பார்த்து, வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கத்திக்கொண்டு சிதறின.

ஐயா மேட்டின்மேல் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன். மெதுவாப் போங்கண்ணே."