அண்டாவில் விழுந்தது

“எல்லாத்தையும் விட்டாச்சும்மா. இன்னும் என்னத்த விடணும்?”

கேட்டவர் திருமேனி அண்ணாச்சி. தென்காசிப் பக்கம் பஞ்சு வியாபாரி. பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. மூச்சுதான் பாவம், பேச்சுக்கு ஈடு கொடுக்காமல் பாதியில் நின்றுவிடும்.

பதில் சொல்ல வேண்டியவள் உலகம்மை. மலையடிவாரத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் மூச்சுப் பள்ளியின் குரு. அங்கே பாடம் கேட்கத்தான் அண்ணாச்சி வந்திருந்தார். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

“என்னென்ன விட்டிய?”

“தயிர்.”

“தயிர் சாப்பிட்டா உங்களுக்கு ஏதும் பண்ணுமா?”

“ஒண்ணும் பண்ணாது. ஆனாலும் விட்டுட்டேன்.”

“பாவம், தயிர். வேற?”

“வாழைப்பழம். காப்பி. காலையில தூதுவளைக் கஷாயம் மட்டுந்தான்.”

“கஷாயம் குடிங்க, வேண்டாங்கல. நெஞ்சு எப்பிடி இருக்கு? விசில் சத்தம் கேக்கே.”

“சளிம்மா. வேற ஒண்ணுமில்ல.”

உலகம்மை அவரையே பார்த்தாள். “சளிதானா?”

“சளிதான்.”

“ஒண்ண மட்டும் இன்னும் விடாமப் பிடிச்சு வச்சிருக்கிய, அண்ணாச்சி. அதையும் விட்டுட்டு வாங்க. பௌர்ணமிக்குப் பாடம் ஆரம்பிக்கலாம்.”

அண்ணாச்சியின் கை தானாக இடுப்புக்குப் போனது. கண்டுபிடித்துவிட்டாளே!

அவர் இடுப்பில் ஒரு கைக்குட்டை முடிச்சு உண்டு. முடிச்சுக்குள் இன்ஹேலர். இளைப்பு வந்தால் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று இழுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். பெண்டாட்டி ஆவுடையைத் தவிர இது யாருக்கும் தெரியாது. இளைப்புக்காரன் என்று பேர் வாங்கினால் கடைத்தெருவில் தரகன்கூட மதிக்க மாட்டானாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை கேட்டாள். “மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி போட்டுக்கிடணும்னு டாக்டர் சொன்னாரே. போயிட்டு வருவமா?”

“மூச்சுப் பள்ளிக்குப் போறவனுக்கு ஊசி எதுக்குட்டி? ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கிற ஊரா வந்து உங்களுக்கு மூச்சு விடப் போவுது?”

அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையும் ராத்திரியும் தவறாமல் இழுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த மருந்தையும் அன்றோடு நிறுத்தினார். மனுசனுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. வேண்டாத இடத்தில்தான் வரும்.

பௌர்ணமி காலை. பள்ளியின் கூடத்து நடுவில் பித்தளை அண்டா இருந்தது. அதன் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார்கள். உலகம்மையின் குரு காலத்திலிருந்தே வழக்கம் இது. பாடம் கேட்க வருகிறவர், தான் விட்டொழித்த பொருளை அதில் போட வேண்டும். உள்ளே போனதை யாரும் பார்ப்பதில்லை, திரும்ப எடுப்பதும் இல்லை.

மேடேறி வந்ததிலேயே அண்ணாச்சிக்கு நெஞ்சு இறுகியிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து நடந்தார். இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். கைக்குட்டையோடு அண்டாவில் போட்டார்.

ணங்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவருக்கு அப்படியொரு பெருமை.

பாயில் போய் உட்கார்ந்தார். மூத்த சீடர் சுடலைக்கண்ணு சாம்பிராணித் தட்டோடு வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் வந்தார். புகை அண்ணாச்சியின் முகத்துக்கு நேராக வந்தது.

ஒரு இருமல். இன்னொன்று. அப்புறம் இருமக்கூட முடியவில்லை.

நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இழுக்கிறார், காற்று வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு வெளுத்தது.

“அம்… மா…”

“சாம்பிராணிய வெளிய கொண்டு போங்க! ஜன்னலத் திறங்க! ஆட்டோவுக்குச் சொல்லுங்க!” உலகம்மை ஓடி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். “அண்ணாச்சி, அண்டாவுல என்ன போட்டிய?”

பேச்சு வரவில்லை. கையை வாய்க்கு நேராக வைத்து, விரலால் அழுத்திக் காட்டினார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து அண்டாவிடம் போனாள். சுடலைக்கண்ணு குறுக்கே நின்றார்.

“அம்மா, போட்டத எடுக்கக் கூடாது. உங்க குருவம்மா காலத்து வழக்கம்.”

“தள்ளுங்கண்ணே.”

“தெய்வக் குத்தம்மா—”

உலகம்மை காலைத் தூக்கி அண்டாவை ஓங்கி உதைத்தாள்.

ஐயோ, அந்தச் சத்தம்! சீடர்கள் தினமும் விழுந்து கும்பிட்ட அண்டா தரையில் உருண்டது. துணி கிழிந்தது. மோதிரம், பொடி டப்பா, சீட்டுக்கட்டு எல்லாம் சிதறின. கைக்குட்டையும் வந்து விழுந்தது.

அவள் இன்ஹேலரைக் குலுக்கி அவர் வாயில் வைத்தாள். அண்ணாச்சி அந்த நிலையிலும் துண்டை இழுத்து முகத்தை மூடப் பார்த்தார். அவள் துண்டைப் பிடுங்கி எறிந்தாள்.

“எல்லாரும் பாக்கட்டும். நிமிந்து உக்காருங்க. இழுங்க. அடக்குங்க. மெதுவா விடுங்க. இன்னொரு தடவ.”

இன்னொரு தடவை. மறுபடியும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போனது. அண்ணாச்சி கண்ணில் நீர் வழிந்தது. எதிரே குனிந்திருந்தவளின் ரவிக்கைக் கைக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

“கையில… என்னம்மா?”

“ஃப்ளூ ஊசி. மழை வருதுல்லா.”

“நீங்… நீங்களுமா?”

“பேசாதிய. இளைப்புன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணாச்சி? அந்தப் பொய்யத்தான விடச் சொன்னேன்!”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நாலு பேர் அண்ணாச்சியைத் தாங்கிப் பிடித்து எழுப்பினார்கள்.

எழுந்தவர் பார்த்தார், உலகம்மை தரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். மோதிரத்துக்கும் பொடி டப்பாவுக்கும் நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடந்தது. காது மெஷின் ஒன்று கிடந்தது. பிரிக்காத மாத்திரை அட்டை ஒன்றும் கிடந்தது.

அவள் அட்டையை எடுத்தாள். “இது யாருது?”



“என்னுதும்மா. சுகருக்கு…” என்றார் சுடலைக்கண்ணு, தலையைக் குனிந்துகொண்டு.

உலகம்மை அட்டையும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை அண்ணாச்சி அதுவரை பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிழி கிழி என்று கிழித்தார். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். உடம்பு தேறியதும் ஆவுடையோடு போய் ஊசியும் போட்டுக்கொண்டார். காலையும் ராத்திரியும் மருந்து இழுத்தார். கஷாயமும் குடித்தார். தயிரும் ஊற்றிச் சாப்பிட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி மேடேறினார். இன்ஹேலர் சட்டைப் பையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கையில் அந்தக் கைக்குட்டை மட்டும். இத்தனை வருசம் ஒளித்து வைக்க உதவிய துணி. இதுதான் விட வேண்டிய பொருள் என்று மனசுக்குள் முடிவு கட்டி எடுத்து வந்திருந்தார்.

உள்ளே ஜன்னல்கள் திறந்திருந்தன. சாம்பிராணி இல்லை. சுடலைக்கண்ணு ஓர் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்.

கூடத்தின் நடுவில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அண்ணாச்சி கைக்குட்டையோடு நின்றார். “அண்டா எங்கம்மா?”

“அத நான் விட்டுட்டேன், அண்ணாச்சி.”