ஒற்றைப் புள்ளியில் நிற்கிற கடலைக் காடு

ஒச்சப்பன், சன்னாசி, பேச்சிமுத்து மூணு பேரும் அண்ணன் தம்பிகள். மூணு மண்டையையும் உடைத்துத் தேடினாலும் ஒரு ஆளுக்கு வேண்டிய மூளை தேறாது. அப்பன் விட்டுப்போனது ஒரு முக்கோண நிலம். மழை பெய்து ஈரம் நிற்கிறது. காய்வதற்குள் கடலை போட்டாக வேண்டும். பாகம் பிரிக்காமல் ஒருத்தனும் விதைக்க மாட்டேன் என்கிறான்.

சர்வேயரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் நடுவுக்குக் கயிறு கட்டினார். மூணு கயிறும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

"ஆறு துண்டு. ஆறும் ஒரே பரப்பு. ஆளுக்கு ரெண்டு."

"எனக்குக் குட்டையா வருதுங்க" என்றான் பேச்சிமுத்து.

"குட்டையா இருந்தா அகலமா இருக்கும்யா!"

"அப்ப நெட்டையா, அகலமா ஒண்ணு குடுங்க."

சர்வேயருக்குக் கோபம் ஏறிவிட்டது. நிலத்தைப் போலவே ஒரு அட்டையை வெட்டி, அதே மூணு கோட்டைப் போட்டு, கோடு சேருகிற இடத்தைப் பென்சில் முனையில் நிறுத்தினார். "சாயுதாய்யா? இதுதான் நடு. உங்க நிலத்துக்கும் இப்படித்தான்!" அட்டையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

மூணு பேருக்கும் வேர்த்தது.

"அண்ணே, நம்ம நிலம் ஒத்தைப் புள்ளியிலயா நிக்குது?"

"அப்பா இத்தனை வருசம் உழுதாரே, சாயலையே?"

"அவருக்கு விசயம் தெரியாதுடா. தெரியாம உழுதா எப்படிச் சாயும்?" என்றான் மூத்தவன் ஒச்சப்பன்.

நியாயம்தானே! விதைப்பெட்டியோடு மூணு பேரும் நடுவில் போய் நின்றார்கள். நிலம் சாயாமலிருக்க, ஒரே நேரத்தில், ஆளுக்கொரு திக்கில் நடப்பதாக ஏற்பாடு.

"நீ ரெண்டாள் கனம்ணே. பாதி காலை வச்சு மிதி."

ஒச்சப்பன் பாதிக் காலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து மேற்கு மூலையில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது.

"சாயுதுடா! கிழக்கே ஓடுங்கடா!"

கயிறு தடுக்கி, விழுந்து, எழுந்து, மூணு பேரும் கிழக்கு வரப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காக்கா பறந்துவிட்டது.

"அடப்பாவி! இப்ப நம்ம பக்கம்ல கனம்?"

"நடுவுக்குப் போயிருவமா?"

"அசையாதடா! அது திரும்பி வந்து உக்காரணும். கூப்பிடு."

மூணு பேரும் நின்ற இடத்தில் நின்று தொண்டை கிழியக் "கா... கா..." என்று கத்தினார்கள். கத்தினதுக்குப் பலன் இருந்தது. ஊர்க்காக்கா அத்தனையும் வந்தது. வந்ததில் ஒன்றுகூட மேற்கே போகவில்லை. எல்லாம் விதைப்பெட்டியைச் சுற்றி இறங்கிக் கடலையைக் கொத்த ஆரம்பித்தன.

ஒச்சப்பன் பெட்டியை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்தான்.

"தம்பிகளா, நிலம் கவுந்திருச்சுடா! வரப்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"