கரடி கிள்ளிய செவ்வந்தி

மலைச்சரிவில் ஒரு வேங்கை மரம். அதன் பொந்தில் தேனீக்கள் குடியிருந்தன. அடியில் வேலாண்டி என்ற கரடி குடியிருந்தது. கரடி பொந்தில் கைவிட்டுத் தேன் நக்கும்; தேனீக்கள் கொட்டும். இப்படியே ஒரு மாதிரி ஒத்துப்போய்க் காலம் ஓடியது.

ஒரு கார்த்திகையில்தான் சிக்கல் வந்தது. மழை ஓய்ந்த காட்டில் பச்சை இருந்தது, பூ இல்லை. கூட்டில் பிள்ளைகள் பட்டினி. வருகிற கார்த்திகையும் இப்படியே போனால் எதிர்மலைக்குக் குடிபோவதாக ராணித் தேனீ சொல்லிவிட்டது.

வேலாண்டிக்குக் கறையான் புற்றுகூட ருசிக்கவில்லை. எல்லாம் பூத்து ஓய்ந்த பிறகு பூக்கிற செடி வேண்டும். அடிவாரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த தோட்டத்திலிருந்து செவ்வந்திக் கன்றுகளைப் பிடுங்கி வந்து, வைகாசியில் பத்து வரிசை நட்டது. ஒருமுறை வேர் பிடித்தால் வருஷா வருஷம் அடியிலிருந்து துளிர்க்கிற செடி அது.

ஆனியில் ஒரு நாள் பார்த்தால், எல்லா நுனியையும் யாரோ மேய்ந்திருந்தார்கள். வரப்பில் பூவாத்தா என்ற முயல் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரடி அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தது. முயல் அசையவில்லை.

"இருபது நாள் பொறு அண்ணே. ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று வராவிட்டால் என் காதைப் பிடித்துத் தூக்கு."

மூன்றல்ல, நான்கு வந்தது. கரடிக்குத் தலைகால் புரியவில்லை. பூவாத்தாவை அக்கா என்று அழைத்துத் தினமும் சாப்பிட வரச்சொன்னது. ஆடி முழுக்க முயலுக்கு விருந்துதான். செடிகள் குட்டையாய், குடை விரித்தாற்போல் அடர்ந்தன.

ஆவணி பிறந்ததும் முயல் மேய்வதை நிறுத்திக்கொண்டது. இனி நுனியில் மொட்டு பிடிக்கும், தொடக்கூடாது என்றது.

கரடியா கேட்கும்? ஒரு கிள்ளுக்கு நாலு கிளை, மறு கிள்ளுக்குப் பதினாறு. அத்தனையிலும் பூத்தால்? நினைப்பிலேயே நாக்கு இனித்தது.

"உனக்கு வயிறு நிறைந்துவிட்டது அக்கா, ஞானம் பேசுகிறாய்" என்று குத்திக்காட்டிவிட்டு, தானே நகத்தால் கிள்ள ஆரம்பித்தது.

முயல் வாதாடி அலுத்து, கடைசி மூன்று வரிசைக்குக் குறுக்கே படுத்துவிட்டது. தொடுவதென்றால் தன்னை மிதித்துவிட்டுப் போகச் சொன்னது. மிதிக்க மனம் வராமல் கரடி மற்ற ஏழு வரிசையோடு நின்றது. அதையும் ஐப்பசி வரை விடாமல் கிள்ளியது.

கார்த்திகை வந்தது. ஏழு வரிசை கீரைப்பாத்தி மாதிரி தழைத்து நின்றது. மருந்துக்கும் ஒரு பூ இல்லை. மூன்று வரிசை மட்டும் மஞ்சளை அள்ளிக் கொட்டியதுபோல் பூத்திருந்தது.

ராணித் தேனீ வந்து சுற்றிப் பார்த்தது.

"எங்கள் பிள்ளைகளுக்கு இது போதும். நாங்கள் போகவில்லை" என்றது ராணி. "ஆனால் உனக்கு மிஞ்சாது. இந்த வருஷம் பொந்துப் பக்கம் கையை நீட்டாதே."

கரடி தன் ஏழு வரிசையை ஒரு முறை பார்த்தது. பூவாத்தா மெல்லப் பக்கத்தில் வந்தது.

"இந்தக் கீரையையாவது சேர்ந்து சாப்பிடலாமா அண்ணே?"

கரடி ஒரு வாய் மென்றது. ஒரே கசப்பு. முகம் போன போக்கைப் பார்த்து முயல் உருண்டு சிரிக்க, கரடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது. கையை எப்போது எடுப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.