வாயை மூடும் சொல்

“அம்மா, எனக்கு முடியாதுன்னு சொல்லவே வரமாட்டேங்குது!”

ஆசிரமத்துக் கொட்டகையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தையல்நாயகி அம்மாள் நிமிரவில்லை. ரத்தினசபாபதி இப்படி வந்து நிற்பது இந்த மாதத்தில் நான்காவது தடவை.

முப்பத்து நான்கு வருஷம் ஆங்கில வாத்தியார். குருவான அம்மாளைவிடப் பத்து வயது மூத்த சீடர். தலை நரைத்து என்ன பிரயோஜனம்? பெரியக்கா தன் மகனுக்கு இவர் மகள் மதிவதனியைக் கேட்கிறாள். மகளுக்குத் துளியும் இஷ்டமில்லை. நாளைக் காலையில் அக்கா பூ வைக்க வருகிறாள்.

“இதுவரைக்கும் அக்காகிட்ட என்ன சொன்னீங்க?”

“பொண்ணு படிக்குதுன்னேன். படிக்கட்டும், காத்திருக்கோம்னுட்டா. ஜாதகம் பொருந்தலைன்னேன். வேற ஜோசியர்கிட்ட பொருத்திக்கிட்டு வந்துட்டா. உன் வீடு சின்னதுன்னேன். மாடி எடுக்குறாளாம்!”

“பொண்ணு?”

“மூணு நாளா எங்கூடப் பேசலைம்மா.”

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாளுக்குப் பொறுமை போனது. கீரையைக் கீழே போட்டார்.

“பிள்ளைங்களுக்கு வருஷம் பூரா நடத்துன சொல்தானே, வாத்தியாரே? எங்க, எனக்கும் நடத்துங்க.”

அதைக் கேட்டால் போதுமே. அழுத முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

“நோ! ‘இல்லை’, ‘என்றும்’னு அர்த்தம் உள்ள ரெண்டு பழைய இங்கிலீஷ் சொல் ஒட்டிப் பிறந்ததும்மா. அமெரிக்காக்காரன் அதையே ‘நோப்’னான். அந்த ‘ப்’ எப்படி வந்துச்சுங்கிறீங்க? சொன்ன வேகத்துல வாயை டப்புனு மூடுறான். உதடு ரெண்டும் ஒட்டுற சத்தம்தான் அது!”

“மூடிட்டு?”

“மூடிட்டு என்னம்மா? அவ்வளவுதான்.”

அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

“நாளைக்கு நான் என்ன காரணம் சொல்றது? நீங்களே ஒண்ணு சொல்லுங்க.”

அம்மாள் கீழே கிடந்த கீரையை எடுத்தார்.

“அம்மா!”

அவர் மறுபடி ஆயத் தொடங்கிவிட்டார். ரத்தினசபாபதிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா இரண்டு பஸ் மாறி வந்தோம்?

சட்டைப் பையில் போன் அடித்தது. பெரியக்கா.

“ஒன்பது மணிக்கெல்லாம் வந்துருவோம். மல்லி பத்து முழம் சொல்லியிருக்கேன்.”

“அக்கா, பொண்ணு தரமாட்டேன். வேண்டாம்.”

“ஏன்டா?”

நாக்கு நுனியில் நாலைந்து காரணங்கள் முண்டியடித்தன. அம்மாள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“ஏன்டா? ஏதாச்சும் சொல்லித் தொலையேன்! ரத்தினம்? லைன்ல இருக்கியா?”

இருந்தார்.