செவலைக்குச் சேராத அப்பம்

வேம்பனூரை ஆண்ட வெற்றிவேலாயுத ராஜாவுக்கு ராணி இரண்டு பேர், பிள்ளைகள் ஏழு பேர். ஆனால் உயிர் என்னவோ செவலையிடம்தான். செவலை அவருடைய வேட்டை நாய். அது குரைத்தால் அமைச்சர்கள் எழுந்து நிற்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாய்க்கு வந்தது அரிப்பு. சாதாரண அரிப்பு இல்லை. காதைச் சொறிந்து, வயிற்றைச் சொறிந்து, பாதத்தை நக்கி நக்கி, பாதி முடி கொட்டிப்போச்சு. அரண்மனை வைத்தியர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உண்ணி இல்லை, சொறிபிடிக்கவும் இல்லை. ஏதோ ஒரு தீனி அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எது என்று தெரியவேண்டுமானால், ஒரு மண்டலம் சோறும் ஆட்டுக்கறியும் தவிர வேறெதுவும் அதன் வாயில் படக்கூடாது. அரிப்பு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

ராஜா உடனே தண்டோரா போட்டார். நாயைப் பார்த்துக்கொள்ளும் மூக்கன் கையைத் தவிர வேறு யார் கையிலிருந்தாவது செவலை ஒரு வாய் தின்றால், அந்த ஆள் நாட்டை விட்டு வெளியேறவேண்டும். அதோடு அரண்மனையில் நாய்க்கு ஊட்டி நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்த கூட்டமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டது.

முப்பது நாள் ஆச்சு. செவலை சொறிவதை நிறுத்தவில்லை.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு யாரும் ஊட்டவில்லை என்றால் மூக்கன்தான் கண்டதையும் போடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். நாளை பொழுது சாய்வதற்குள் அவன் எல்லையைத் தாண்டவேண்டும் என்று உத்தரவு. பாவம் மூக்கன். பெண்சாதிக்கு நிறைமாதம். வண்டியில் குலுங்கினாலே ஆகாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அவன் ஓடிப்போய் அம்பலவாணன் காலில் விழுந்தான்.

அம்பலவாணன் சபையில் யோசனை சொல்கிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. மறுநாள் காலை ராஜா கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்ததும், ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி கேட்டார். சபையில் இருக்கிற எல்லோரும் வெறுங்கையை நீட்டவேண்டும். மூக்கனும் நீட்டவேண்டும். நாயை அவிழ்த்துவிடலாம், தனக்குத் தீனி கொடுத்த கையை அதுவே காட்டிக்கொடுக்கட்டும்.

"நானும் நீட்டுகிறேன், எனக்கென்ன பயம்?" என்று ராஜாவும் கையை நீட்டினார்.

செவலை வந்தது. சேனாதிபதியைப் பார்க்கவில்லை. சமையற்காரரை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப்போனது. மூக்கனிடம் ஒரு தடவை வாலாட்டியது. அப்புறம் நேரே சிம்மாசனத்துக்குப் போய், ராஜாவின் வலது உள்ளங்கையை விரல் விரலாக நக்கித் துடைத்தது.

ராஜா கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"அது தீனி இல்லையப்பா, பிரசாதம்" என்றார் ராஜா, குரல் இறங்கி. "தினமும் கோயில் கோதுமை அப்பத்தில் ஒரு துண்டு கொடுப்பேன். பிரசாதத்தை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா?"

"நாம் சேர்க்கமாட்டோம் மகாராஜா. செவலை வயிறு சேர்த்துக்கொள்கிறதே" என்றார் அம்பலவாணன். "இனி அதற்குத் திருநீறு மட்டும் பூசிவிடுங்கள். அதுவும் பிரசாதம்தான்."

ராஜா எழுந்து போய் மூக்கனின் தோளில் கை வைத்தார். தப்பு தன்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மூக்கன் அழுதேவிட்டான்.

ஆனால் ஆணை ஆணைதானே? ராஜா நாட்டை விட்டுப் போனால் அரசாள்வது யார்? அமைச்சர்கள் கையைப் பிசைந்தார்கள். அம்பலவாணன் அந்த ஆணையை எழுதியிருந்த ஓலையை வாங்கிப் படித்தார். வெளியேறவேண்டும் என்றுதான் இருந்தது. திரும்பி வரக்கூடாது என்று எங்குமே இல்லை.

அன்று மத்தியானம் ராஜா முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லை ஓடையைத் தாண்டினார். அந்தக் கரையில் நின்று கொஞ்சம் இளைப்பாறினார். பிறகு திரும்பி வந்தார். நாடு கடத்தல் முடிந்தது.

பிறகு ஒரு மண்டலம் அப்பம் இல்லாமல் போனது. செவலைக்கு முடி பளபளவென்று முளைத்தது. மூக்கன் வீட்டில் பெண் குழந்தை. ராஜா தொட்டிலும் பட்டுத் துணியும் அனுப்பிவிட்டு, அம்பலவாணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லும். அப்பம் கொடுப்பது நான்தான் என்று உமக்கு எப்போது தெரியும்?"

"சோதனைக்கு ஒரு வாரம் முன்னாலேயே, மகாராஜா. கோயில் வாசலில் பார்த்தேன்."

"அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை நாடு கடத்தியிருப்பீர்கள். செவலையை நாடு கடத்த உங்களுக்கு மனசு வராது" என்றார் அம்பலவாணன்.

ராஜா சிரித்த சிரிப்பில், வெளியே படுத்திருந்த செவலை எழுந்து நின்றது.